நாலு டீ

வறண்ட கண்மாயின் நடுவே நின்றது அந்த ஆளில்லா விமானம். செங்குத்தாக எழும்ப நாலு விசிறி, முன்னால் ஓட வாலில் ஒன்று, இரு பக்கமும் இறக்கை. மலைக்கிராமத்துக்குப் பாம்புக்கடி மருந்து கொண்டுபோக வேண்டியது. முன்பு செய்த இரண்டும் சோதனையிலேயே நொறுங்கிவிட்டன. இதுவும் விழுந்தால் திட்டத்தையே மூட்டை கட்டவேண்டியதுதான்.

அந்த இரண்டையும் விழவைத்தது அருளப்பனின் இடது கை. ஆயுளெல்லாம் ஹெலிகாப்டர் ஓட்டிய கை. விமானம் கொஞ்சம் இறங்கினால் போதும், அவரைக் கேட்காமலே ரிமோட்டில் அதை மேலே தூக்கிவிடும். ஓய்வுபெற்றபின், மகள் வயதுள்ள நாச்சம்மையிடம் இந்த வேலையைக் கற்க வந்திருந்தார். விமானத்தை வடிவமைத்தவர் நாச்சம்மைதான்.

“விசிறியை விட்டு இறக்கைக்கு மாறும்போது அது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், சார். அப்பப் பார்த்து நீங்க தூக்கினா இறக்கைக்கு வேகம் கிடைக்காது.”

“தெரியுது மேடம். ஆனா கண்ணு முன்னால விழுறதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?”

நாச்சம்மை கரையோர டீக்கடைக்குப் போன் போட்டு நாலு டீ சொன்னார்.

“ரெண்டு பேருக்கு நாலா?”

“வரட்டும் சார்.”

வந்தது. அருளப்பனின் ஒவ்வொரு கையிலும் ஒரு கிளாஸைக் கொடுத்தார். விளிம்புவரை டீ. ரிமோட் மேசைமேல் கிடந்தது. கணினியில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, நாச்சம்மை அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

விமானம் தானாக எழும்பியது. புழுதி பறந்தது. பனை உயரத்துக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றது. பிறகு வால்விசிறி சுழல, முன்னால் பாய்ந்தது.

இறங்கியது. இன்னும் இறங்கியது.

“ஐயோ, மேடம்!”

இடது கை துள்ளியது. சூடான டீ விரலெல்லாம் கொட்டியது.

நாலு விசிறியும் நின்றன. அத்தனை இரைச்சலும் அடங்கிப்போனது. விமானம் விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்று அதை ஏந்திக்கொள்ள, கரையைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, அதிகச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் வானத்தில் கிடந்த மனிதர், வானத்தை அன்றுதான் பார்ப்பவர்போல வாய்பிளந்து நின்றார். கண் கலங்கிவிட்டது.



“இதைப் பாத்துக்கிட்டு நீங்க எப்படி மேடம் கையை அடக்குறீங்க?”

கேட்டுக்கொண்டே திரும்பினார். நாச்சம்மையின் இரு கையிலும் கிளாஸ். பாதி டீ துப்பட்டாவில் கொட்டியிருந்தது.

“எங்க சார் அடங்குது? அதான் நாலு டீ.”