பண்ணையார் வீட்டு எலி

அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டி, உள்ளே இருக்கும் நெல்லை இல்லாதவர்கள் எடுத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். பண்ணையார் வைத்திலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. வளை தோண்டிய செம்பாயியைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்.

"வயல் என்னுது, வளை என்னுது, எலியும் என்னுது! நெல்லைக் கொட்டுடி!"

செம்பாயி கொட்டிவிட்டுக் கும்பிட்டாள்.

"என் புதுச் சேலையைக் கடிச்சது யாரு வீட்டு எலின்னு இத்தனை நாளா தெரியாம இருந்தேங்க ஐயா. நல்லவேளை, சொன்னீங்க."

"அப்ப என் தவில் தோலுக்கும் நீங்கதானா?" என்று எழுந்தார் தவில்காரர். பூசாரி கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். பஞ்சாயத்துத் தலைவர் மெல்ல முகத்தை மூடியிருந்த துண்டை விலக்கினார். மீசையில் பாதியைக் காணோம்.

பண்ணையார் அலறினார். "எலிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

"பின்னே அது வீட்டு நெல்லு உங்களுக்கு எதுக்குங்க?" என்றபடி செம்பாயி முறத்தால் அள்ள ஆரம்பித்தாள்.