தொரை ஊற்றிய டீசல்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜரை எல்லோரும் தொரை என்பார்கள். பழைய ஜீப்பில் தொரை டீசல் அளவு காட்டும் முள்ளைத்தான் பார்ப்பார், டேங்கைப் பார்க்க மாட்டார். முள் கீழேயே கிடந்ததால், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னாலும் டிரைவர் பொன்னையாவைத் திருடன் என்றார். அந்த அவமானத்தில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்து வந்த டிரைவர் சூசைக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே களம், அதே சத்தம்.

"முள்ளு கீழ கிடக்கு. நீயும் திருடன்தானே? ஒத்துக்கடா!"

"ஒத்துக்கறேன் தொரை. அதுக்கு முன்னால உங்க கையாலயே ஒரு கேன் ஊத்துங்க."

தொரை இருபது லிட்டரையும் ஜீப் டேங்கில் ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முள் அசையவில்லை.

"இப்ப ஊத்துனதை யாரு தொரை திருடுனது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சூசை டேங்குக்குள்ளிருந்து, முள்ளை ஏற்றி இறக்கும் பித்தளை மிதவையைக் கழற்றி எடுத்தான். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை. டீசல் புகுந்ததால், மிதவை மிதக்க முடியாமல் அடியிலேயே கிடந்திருக்கிறது.

கூடையோடு வரிசையில் நின்ற பொன்னையாவின் மனைவி வீராயியிடம் அதைக் கொடுத்தான். அவள் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கொஞ்சம் டீசல் தளும்பியது.

"எம் புருசன் திருடுனது இவ்வளவுதானா, தொரை?"