அரை கிலோ நிலம்

அரசாங்கம் சொன்னதை இம்மி பிசகாமல் செய்கிற ஊர் அந்த ஜில்லாவில் நொச்சிப்பாறை ஒன்றுதான். அதனாலேயே விவரம் தெரிந்த அதிகாரிகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

சடையாண்டிக்கு அந்த ஊரில் அரை ஏக்கர் இருந்தது. பாறைமேல் முழங்கால் ஆழத்துக்கு மண். வருஷா வருஷம் நிலக்கடலை போடுவான், வருஷா வருஷம் ஒன்றும் தேறாது. ஏன் என்று அவனுக்கு விளங்கவே இல்லை. அக்கறைக்குக் குறைச்சலும் இல்லை. தினமும் விடிந்ததும் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, வேரில் காய் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பதனமாகத் திரும்ப நட்டுவிட்டுத்தான் கஞ்சி குடிப்பான்.

இந்த முறை அவன் மனைவி குருவம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த வருசமும் காய்க்கலைன்னா நிலத்தை எங்கண்ணன் தலையில கட்டிட்டு திருப்பூருக்குப் போயிருவோம். பனியன் கம்பெனியில உன்னையும் சேத்துக்கிருவாங்க."

பனியன் கம்பெனி என்றால் தையல். போன தீபாவளிக்குச் சடையாண்டி சட்டைப் பித்தான் தைத்தபோது வேட்டியையும் சேர்த்துத் தைத்து, இரண்டு நாள் குனிந்தே திரிந்தவன். எப்பாடுபட்டாவது நிலத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மாநில அரசு மண் பரிசோதனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மண் செழித்தால் விவசாயி செழிப்பான், விவசாயி செழித்தால் மாநிலம் செழிக்கும் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வேளாண்மை அலுவலர் பூங்கொடி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாற்றலாகி வந்த புதுசு. பாவம், யாரும் எச்சரிக்கவில்லை.

"நிலத்து மண்ணைத் தோண்டி எடுங்க. நல்லாக் கலந்து நிழல்ல காயவைங்க. அப்புறம் நாலு பங்காப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கை ஒதுக்கித் தள்ளிருங்க. மிச்சத்தைக் கலந்து மறுபடி நாலாப் பிரிச்சு ரெண்டைத் தள்ளுங்க. அரை கிலோ வர்ற வரைக்கும் இப்படியே செஞ்சு, பையில போட்டு ஆபீசுக்குக் கொண்டாங்க. மண்ணுக்கு என்ன குறைன்னு பாத்துச் சொல்றோம்."

எவ்வளவு தோண்டுவது என்பதைச் சொல்லாமலே ஸ்கூட்டர் போய்விட்டது. வரப்பில் ஆலோசனை கூடியது.

"ஒரு கூடை போதும்ப்பா" என்றான் முத்திருளன், பக்கத்து நிலத்துக்காரன்.

ஊரிலேயே மூளைக்காரன் என்று பேர் வாங்கிய ஒச்சப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தான். "உனக்கு வயித்துவலின்னா ஆஸ்பத்திரிக்கு முழு ஆளாப் போவியா, சுண்டுவிரலை மட்டும் அறுத்துக் குடுத்து விடுவியா?"

"வயித்தை மட்டும் அனுப்பலாம்ல?"

"தாராளமா அனுப்பலாம். நிலத்துக்கு வயிறு எதுன்னு காட்டு, அனுப்புவோம்."

முத்திருளன் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வயிறு தென்படவில்லை. மொத்த மண்ணையும் அள்ளுவது என்று முடிவாயிற்று.

ஊரே திரண்டு மண்வெட்டி பிடித்தது. அரை ஏக்கரும் வழித்தெடுத்த பாத்திரம் மாதிரி பாறை தெரியக் கிடக்க, மண் குன்றாக நின்றது. நிழலில் காயவேண்டுமே? புளியமரத்து நிழலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டி முடிப்பதற்குள் நிழல் கிழக்கே நகர்ந்துவிட்டது. மண்ணை அள்ளிக்கொண்டு நிழலைத் துரத்தினார்கள். சாயங்காலம் சூரியன் இறங்கியதும், "இப்பத்தேன் ஊரு பூராம் நிழலு" என்று ஒச்சப்பன் அறிவித்த பிறகே எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அடுத்து பங்கு பிரித்தல். நாலு குன்று, இரண்டைத் தள்ளு. எங்கே தள்ளுவது? பக்கத்தில் நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் லாரியோடு வந்து, கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வேளாண் துறையும் சாலைத் துறையும் அப்படி ஒத்துழைத்ததை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குன்று குவியலாகி, குவியல் கூடையாகி, கடைசியில் மளிகைக்கடைத் தராசில் அரை கிலோ நின்றது. சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சுத்தமாக அவன் எந்த வேலையையும் முடித்ததில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிலத்தை மடியில் வைத்துக்கொண்டு போனான். பூங்கொடி பையை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"பாத்துட்டுத் திருப்பித் தந்துருவீங்கல்ல, தாயி?"

"எதுக்குய்யா? நிலத்துலதான் மண்ணு கிடக்கே?"

"இதுதேன் தாயி நிலம்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். அப்புறம் தானே பரிசோதனைக் கூடத்துக்குப் போய், ஒரு சிட்டிகைக்கு மேல் தொடவிடாமல் காவல் நின்று, பையையும் முடிவையும் கொண்டுவந்து கொடுத்தார். முடிவு இதுதான்: மண்ணில் ஒரு குறையும் இல்லை. கடலைக்கு ஏற்ற மண்.

"ஆகா!" என்றான் ஊரில் காத்திருந்த ஒச்சப்பன். "குறையெல்லாம் ரோட்டுக்குப் போன மண்ணுலதேன் இருந்துருக்கு."

சடையாண்டி நிலத்தை ஒரு மண்சட்டியில் கொட்டி ஒரு கடலையை ஊன்றினான். பார்க்க வந்த பூங்கொடி, சட்டியையே நோண்டிக்கொண்டிருந்த அவன் கைகளைப் பார்த்ததும் இத்தனை வருஷம் காய்க்காத காரணத்தை ஊகித்திருக்க வேண்டும். "அறுவடை வரைக்கும் செடி மேல கை படக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். விடிந்தால் சடையாண்டிக்குக் கை துறுதுறுக்கும். குருவம்மாள் அவன் கைகளைத் துண்டால் முதுகுக்குப் பின்னே கட்டி, கஞ்சியைத் தானே ஊட்டினாள். செடி முதல்முறையாக நிம்மதியாக வளர்ந்தது.

அறுவடையன்று மகசூல் கணக்கெடுக்க அதிகாரி ஒருவர் வந்தார். சாகுபடி நிலத்தைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். அவர் வேலையில் சுத்தமானவர்; நிலம் என்று காட்டியதை அளப்பதுதான் அவர் வேலை. சட்டியின் வாயை அளந்தார். செடியைப் பிடுங்கச் சொன்னார். சடசடவென்று ஒரு கைப்பிடிக் காய். எடை போட்டு, அதை ஏக்கருக்குப் பெருக்கினார். வந்த தொகையைப் பார்த்து அவருக்கே வேர்த்தது. மாநிலத்தில் இதுவரை யாரும் அந்த மகசூலை எட்டியதில்லை.

குருவம்மாள் திருப்பூர்ப் பேச்சை விட்டுவிட்டாள். "இனிமே போனாலும் நிலத்தை விக்க வேணாம். கக்கத்துல இடுக்கிக்கிரலாம்."

தலைநகரத்தில் விழா. மந்திரி மாலை போட்டார். விவசாயத்துறை வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டு என்றார்கள். மகசூலைப் பெருக்க மற்ற விவசாயிகளுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"மொதல்ல நிலத்தைக் குறைக்கணுங்க" என்றான் சடையாண்டி. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

பரிசாக ஒரு டிராக்டர் கொடுத்தார்கள். இதை வைத்து நிலத்தை நன்றாக உழுது அடுத்த ஆண்டும் சாதிக்க வேண்டும் என்று மந்திரி கேட்டுக்கொண்டார். மந்திரி சொன்னால் அரசாங்கம் சொன்ன மாதிரி.

டிராக்டர் நொச்சிப்பாறைக்கு வந்து உறுமிக்கொண்டு நின்றது. எதிரே தரையில் சட்டி. ஊர் சுற்றிலும் நின்று யோசித்தது.

"கலப்பை இந்தச் சட்டிக்குள்ள போகுமா?" என்றான் முத்திருளன்.

"கலப்பைய ஏண்டா பாக்குற? மொதல்ல வண்டி உள்ள எறங்கணும். மெதுவா முன்சக்கரத்தை ஏத்திப் பாப்போம்" என்றான் ஒச்சப்பன்.

சடையாண்டி சட்டியைக் கைகளால் மறைத்துக்கொண்டான். "ஏத்துனா ஒடைஞ்சிறாதா?"

ஒச்சப்பன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். டயரை அமுக்கிப் பார்த்தான். பிறகு சடையாண்டியின் தோளில் கைபோட்டு ஆறுதலாகச் சொன்னான்:

"பயப்படாத மாப்ள. கவர்மெண்டு குடுத்த புது டிராக்டரு. ஒரு சட்டி மேல ஏறுனதுக்கெல்லாம் ஒடைஞ்சு போகாது."

அதைக் கேட்டதும் தைரியம் வந்து, சடையாண்டி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டான்.