மஞ்சள் கோட்டு எதிர்ப்பாளர்கள்

லண்டனில் எட்மண்ட் என்றொரு ராஜா இருந்தார். நிஜ லண்டனில் போய்த் தேடாதீர்கள். இது கதையில் வரும் லண்டன். வருஷத்துக்கு ஒருமுறை தங்க முலாம் பூசிய குதிரை வண்டியில் ஊர்வலம் போவார். பாதி ஜனங்கள் கொடியாட்டுவார்கள். மீதிப் பேர், "இந்தக் காலத்தில் ராஜா எதற்கு?" என்று சொல்லிக்கொண்டே முண்டியடித்து முன்வரிசைக்கு வருவார்கள்.

அந்த வருஷம் வினை தெருமுனையில் காத்திருந்தது. மஞ்சள் அட்டை பிடித்த ஒரு கூட்டம், வண்டி நெருங்கியதும், "அப்பன் சிம்மாசனம் பிள்ளைக்கா? ராஜா வேண்டாம்!" என்று ஒலிபெருக்கியில் அலறியது. குதிரை மிரண்டது. வண்டி குலுங்கியது. கிரீடம் சரிந்து ராஜாவின் மூக்கில் வந்து நின்றது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்த மூக்குதான்.

ராஜா தன் ஆலோசகரைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிவகடாட்சம் அவர். முழுப் பெயர் ராஜாவின் வாயில் நுழையாது.

"கடாட்! அடுத்த வருஷம் அந்த முனையில் திடீர்க் கூச்சல் கேட்கக் கூடாது. ஆனால் போலீஸ் வேண்டாம். வேலியும் வேண்டாம். அவர்கள் வாயையும் அடைக்கக் கூடாது. அப்புறம் என்னைக் கொடுங்கோலன் என்பார்கள்."

பக்கத்தில் பெர்சிவல் பிரபு நின்றார். அரண்மனை வைபவங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். சிவகடாட்சத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "கடாட்சத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி, மன்னா. முடியாவிட்டால் வடகோடித் தீவில் நம் கோட்டை இருக்கிறது. அங்கே இருக்கும் ஆடுகளுக்கும் ஓர் ஆலோசகர் வேண்டாமா?"

"சரி, அப்படியே செய்வோம்" என்றார் ராஜா. மூக்கு இன்னும் வீங்கித்தான் இருந்தது.

வீட்டில் மனைவி கனகேஸ்வரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நீங்கள் வேணுமெண்டால் போங்கோ. நான் ஆடுகளோட குடும்பம் நடத்த வரமாட்டன்."

சிவகடாட்சத்துக்குச் சோறு இறங்கவில்லை. தீவைக்கூடச் சகித்துக்கொள்வார். கனகேஸ்வரி இல்லாத தீவைச் சகிக்க முடியாது.

மறுநாளே எதிர்ப்பாளர்களின் தலைவரைத் தேடிப் போனார். டாக்டர் ஹாலிவெல், பல் வைத்தியர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கும்போதே அரசியல் பேசிப் பழகியவர்.

"எங்களை நிறுத்தச் சொல்லத்தானே வந்தீர்?"

"ஐயையோ, இல்லை டாக்டர்! இப்படி ஓரமாக நிற்கிறீர்களே என்று மனசு கேட்காமல் வந்தேன். ஜனநாயக நாட்டில் எதிர்ப்பும் ஊர்வலத்துக்குள்ளே இருக்க வேண்டாமா? வண்டிக்கு முன்னால் நடந்து வாருங்கள். முனையில் திரும்பி நின்று, ராஜாவின் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள்."

"கோஷத்தில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டோம்!"

"மாற்றவே வேண்டாம். ஊர்வலம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டல்லவா? முரசு மூன்று தரம் ஒலிக்கும். மூன்றாவது அடியில் சொல்லுங்கள். அவ்வளவுதான்."

டிவி கேமராக்கள் எல்லாம் வண்டிக்கு முன்னால்தான் போகும் என்பது டாக்டருக்கு ஞாபகம் வந்தது. சம்மதித்துவிட்டார்.

ஒத்திகை தொடங்கியதும் டாக்டரிடமிருந்து போன் மேல் போன். "சிவப்புக் கோட்டுச் சிப்பாய்களுக்குப் பக்கத்தில் எங்கள் மழைக்கோட்டு எடுபடவில்லை. மஞ்சள் வெல்வெட்டில் ஏதாவது கிடைக்குமா?" கிடைத்தது. "தொப்பியில் இறகு?" அதுவும் கிடைத்தது. பிறகு ஒருநாள், "வலப்பக்கம் யார் நிற்பது என்று எங்களுக்குள் அடிதடி. உடனே வந்து தீர்த்து வையுங்கள்!"

"எதிரிக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கிறார் நம் மேதாவி" என்று பெர்சிவல் பிரபு அரண்மனை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஊர்வல நாள் வந்தது. வண்டி முனையை நெருங்கியது. கூட்டத்தில் எவனோ ஒருவன் "ஊ!" என்று ஆரம்பித்தான். டாக்டர் ஹாலிவெல் இறகு துடிக்கத் திரும்பினார்.

"வாயை மூடு! இன்னும் முரசு அடிக்கவில்லை!"

அவன் கப்சிப். டம். டம். டம். மஞ்சள் கோட்டுக்காரர்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, ஒரே குரலில், "அப்பன் சிம்மாசனம் பிள்ளைக்கா? ராஜா வேண்டாம்!" என்றார்கள். ராஜா புன்னகையோடு கையசைத்தார். குதிரைகள் காதைக்கூட அசைக்கவில்லை. ஜனங்கள் கைதட்டித் தீர்த்தார்கள். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த வெளிநாட்டுக்காரரிடம், "இது எங்கள் பல நூற்றாண்டுப் பாரம்பரியம்" என்றாள்.

சாயங்காலம் அரண்மனையில் தேநீர். "கடாட், என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா.

"யாழ்ப்பாணத்தில் எங்கள் நல்லூர்க் கோயில் தேருக்குப் போய்வர லீவு வேண்டும், மன்னா. நான் ஏற்பாடு செய்யாத ஓர் ஊர்வலத்தைக் கண்ணாரப் பார்க்க ஆசை."

"அங்கே எதிர்ப்பாளர்கள் உண்டா?"

"ஒருவர் உண்டு, என் மச்சான். சாமியே இல்லை என்பார். ஆனால் வடம் பிடிக்க முதல் ஆளாக வந்துவிடுவார்."

ராஜா சிரித்தார். பெர்சிவல் பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, இந்த வருஷம் சரி. டாக்டருக்கோ வயதாகிவிட்டது. நாளைக்கு எவனாவது முரடன் தலைவனாகி, கோட்டும் வேண்டாம், முரசும் வேண்டாம் என்றால்?"

ராஜாவின் முகம் மாறியது. "அதுவும் வாஸ்தவம்தான். கடாட், லீவு இருக்கட்டும். முதலில் இதற்கு வழி சொல்."

சிவகடாட்சம் வாயைத் திறக்குமுன் கதவு திறந்தது. டாக்டர் ஹாலிவெல் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நேற்றுவரை 'மிஸ்டர் எட்மண்ட்' என்று அழைத்தவர், இன்று குனிந்து வணங்கினார்.

"மாட்சிமை தங்கிய மன்னருக்கு ஒரு விண்ணப்பம். எனக்குப் பிறகு எதிர்ப்பாளர் தலைவர் பதவிக்குக் கண்டவனெல்லாம் அடிபோடுகிறான். இதை என் மகன் நைஜலுக்கு என்று இப்போதே உறுதி செய்துவிட வேண்டும்."

ராஜா சிவகடாட்சத்தைப் பார்த்தார். சிவகடாட்சம் முகத்தை வைக்க வேண்டியபடி வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"தாராளமாக, டாக்டர். நைஜலுக்கு என்ன தகுதி?"

டாக்டருக்கு வந்ததே கோபம்! "தகுதியா? அவன் என் மகன் ஐயா! இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் தேநீர்க் கோப்பை தட்டோடு உருண்டது. யாழ்ப்பாணத்துக்கான விமான டிக்கெட்டைப் பெர்சிவல் பிரபுவே போய் எடுத்துவர வேண்டியதாயிற்று.