யானை போட்ட மாலை

ஒரு ஊர்ல ராசா செத்துப் போயிட்டாரு, பிள்ளைகுட்டி கிடையாது. அந்த ஊர் வழக்கம் என்னன்னா, கோயில் யானைகிட்ட மாலையைக் குடுத்துத் தெருவுல விடுவாங்க, அது யார் கழுத்துல போடுதோ அவன்தான் ராசா. அங்க உக்கிரவேலன்னு ஒருத்தன், லாயத்துல குதிரை தேய்க்கிறவன், பெரிய கள்ளன். கழுத்து பூரா வெல்லப்பாகைப் பூசிக்கிட்டு முன்னால வந்து நின்னான். யானைக்கு அந்த வாசனை போதாதா? நேரா வந்துச்சு, மாலையைப் போட்டுச்சு, கழுத்தைத் தடவித் தடவித் தும்பிக்கையை வாயில வச்சுக்கிச்சு. ஜனங்க, அடடா, யானை கொஞ்சுதுன்னு கும்பிட்டாங்க. சிரிக்காதே, கேளு.

சிம்மாசனம் ஏறினதும் வரியை ஏத்தினான். ஏன் ராசான்னு கேட்டாங்க. "நானா வந்து உக்காந்தேன்? யானை போட்டுச்சு. யானை போட்டா சாமி போட்ட மாதிரி"ன்னான். அப்புறம் ஊர்க் கிணத்துக்கெல்லாம் காவல் போட்டான். கேட்டதுக்கு, "யானை போட்டா சாமி போட்ட மாதிரி"ன்னான். அப்புறம் எதுத்துப் பேசினவனை இருட்டறையில தள்ளினான். உள்ள போனவன் பொண்டாட்டி அழுதுகிட்டு வந்து நின்னா, அவகிட்டயும் அதையேதான் சொன்னான், பாவி.

ஊர் வாய் அடைஞ்சு போச்சு. ஆனா அவனுக்குத் தூக்கம் போச்சு. புரண்டு புரண்டு படுப்பான், எந்திரிச்சு நடப்பான், மந்திரியை உலுக்குவான்.

"எனக்குப் போட்ட யானை நாளைக்கு இன்னொருத்தனுக்குப் போட்டுட்டா? அதைக் கொன்னுடலாமாய்யா?"

"ஐயையோ மகாராசா, அதைக் கொன்னா நீங்க யாரு?"

"அப்ப மாலையை ஒழி!"

அவ்வளவுதான். நாட்டுல யாரும் பூ தொடுக்கக் கூடாது. சாமிக்கு மாலை கிடையாது, பொணத்துக்குக் கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது. அவன் மட்டும் போட்டுக்குவான், ராசான்னு தெரியணுமே! யானைப்பாகன் மக சிட்டம்மாவுக்குப் பரிசம் போட்டும் கல்யாணம் நின்னு போச்சு. அவ அரண்மனைக்கே போயி, "மாலை மாத்தாம எப்படி ராசா கல்யாணம்?"னு கேட்டா. "இந்த நாட்டுல மாலை என் கழுத்துக்கு மட்டும்தான்"னு விரட்டிட்டான்.

பட்டம் கட்டி ஒரு வருஷம் முடிஞ்ச நாள் வந்துச்சு. அன்னைக்கு யானை வந்து ராசாவுக்குச் சலாம் வைக்கணும், இல்லேன்னா ஜனங்க சந்தேகப்படுவாங்க. மேடையில உக்காந்திருக்கான். யானை வந்துச்சு. அதுக்குத் தினமும் காலையில என்ன வேலை தெரியுமா? சாமிக்கு மாலை தூக்கிட்டுப் போறது. எத்தனையோ மாசமா வெறும் தும்பிக்கையோட நின்னுச்சு, பாவம். நாட்டுல இருக்கிற ஒரே மாலையைப் பாத்துச்சு, மெதுவா அவன் கழுத்துலேருந்து உருவிச்சு, கோயிலைப் பாத்து நடந்துச்சு.

"பிடிங்கடா! பிடிங்கடா!"

ஒரு காவக்காரனும் அசையல. சாமி எடுத்துக்கிட்டா யாரு தடுக்கிறது? ராசா மேடையிலேருந்து குதிச்சு, பின்னாலேயே ஓடிக் கத்தினான். "அட மடப்பசங்களா, அது வெறும் மிருகம்டா! அதுக்கு என்னடா தெரியும்!"

கூட்டத்துலேருந்து சிட்டம்மாதான் கேட்டா.

"வெறும் மிருகம்னா, அன்னைக்கு உங்களுக்குப் போட்டது யாரு ராசா?"

காவக்காரங்க ஈட்டியைக் கீழ போட்டுட்டு இருட்டறையைத் திறக்கப் போயிட்டாங்க. உக்கிரவேலன் ஓடினான், ஓடினான், எல்லை தாண்டி ஓடினான், எவனும் துரத்தக்கூட இல்ல. சிட்டம்மா கல்யாணம் நடந்துச்சு. அடுத்த ராசா யாருன்னு ஊரே உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணுச்சு, யானையை யாரும் கேக்கல.

கேள்வி கேட்டா ஒருத்தன் சாமியைக் கை காட்டினான்னா, பயம் அவனுக்குத்தான்னு புரிஞ்சுக்கோ. அவங்க அங்க நிம்மதியா இருக்காங்க, நீ இங்க கண்ணை மூடு.