பூட்டை உடைத்த சடைச்சியார்

மேலக்கரிசல் என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் பெருக்கிப் பிழைத்து வந்தவர் சடைச்சியார். காலையில் வடக்குவாச்செல்வி அம்மன் கோயில் வாசலைத் தெளித்துக் கோலமிட்ட பிறகே பள்ளிக்குப் போய்த் துடைப்பம் எடுப்பார். பிள்ளைகள் இருக்கும் இடமும் அவள் சன்னிதிதான் என்பது அவர் எண்ணம். எழுத்து ஒன்றும் அறியார்.

அப்பள்ளியில் நூலகம் என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருந்தது. அரசு அனுப்பிய கதைப் புத்தகங்கள் அங்கே இரும்பு பீரோவுக்குள் கிடந்தன. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் தருமலிங்கம் அதைத் திறப்பதே இல்லை.

எட்டாம் வகுப்பு மாரிக்கனி ஒருநாள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டாள். முன்பின் அறியாத ஊரில் பொழுது சாயும்வரை அழுதுகொண்டு நின்றாள். அண்டை வீட்டுக்காரரான சடைச்சியார்தான் தேடிப் போய் அழைத்து வந்தார்.

மறுநாள் தலைமையாசிரியர் முன் நின்றார். "ஐயா, எட்டாப்புப் புள்ளைக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியல. அந்தப் பீரோவத் தொறந்து விடுங்க."

"கைநாட்டு நீ எனக்குப் புத்தி சொல்றியா? போய்க் கக்கூஸைக் கழுவு!"

மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். சடைச்சியார் நேரே கோயிலுக்குப் போனார். கும்பிடவில்லை.

"ஏ ஆத்தா! ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? நீ கேக்கலேன்னா நான் கேப்பேன்!" என்று வைதார். பெற்றவளிடம் மகள் போடும் சண்டை அது. அவள் கேளாமல் போவாள் என்று அவர் ஒருகணமும் நினைத்ததில்லை.

திரும்பி வந்து, சத்துணவுக் கூடத்து அம்மிக் குழவியால் பீரோவின் பூட்டை உடைத்தார். பாதிப் புத்தகங்கள் கரையான் அரித்து மண்ணாகிக் கிடந்தன. அதைக் கண்டு அவர் அழவில்லை. கொதித்தார். மிஞ்சியவற்றைப் பிள்ளைகள் கையில் வாரிக் கொடுத்தார்.

அன்றே வேலை போயிற்று. 'திருடி' என்று ஊர் ஏசியது. களை வெட்டப் போய் வயிற்றைக் கழுவினார். மாலையானால் பிள்ளைகள் புத்தகத்தோடு அவரைத் தேடி வந்தார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி. நீ சொன்னாத்தான் கதை" என்பார். மாரிக்கனி எழுத்துக் கூட்டித் திணறுவாள். "பெறகு என்ன ஆச்சு? சொல்லு!" என்று விடமாட்டார். கதை கேட்கும் ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது. அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று பிள்ளைகள் வாசித்தார்கள். அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்குள் மாரிக்கனி தங்குதடையின்றி வாசித்தாள்.

கொடையன்று தருமலிங்கம் மாலையோடு முன்வரிசையில் நின்றார். சாமியாடிமேல் இறங்கிய அம்மன் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"புள்ளைக நாக்கப் பூட்டி வச்ச கையா எனக்கு மாலை போடுறது? எங்கடா என் மக?"

கூட்டம் விலகிற்று. கடைசியில் ஒதுங்கி நின்ற சடைச்சியாரிடம் வந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

"நீ பட்ட கோவம் என் கோவம், தாயி!"

தருமலிங்கம் தலை கவிழ்ந்தார். அதன்பின் அந்தப் பீரோவைப் பூட்ட எவரும் துணியவில்லை.

பிள்ளைகளின் பொருட்டுத் தெய்வத்தோடும் மல்லுக்கு நின்ற சடைச்சியாரின் பாதங்களுக்கு நம் வணக்கம்.