மூன்றாம் குடம்

முன்னொரு காலத்தில் குன்றையூர் நாட்டைக் கதிர்வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது சாதாரணமாகப் பேசினால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். இதை முதலில் கண்டுகொண்டவர் விருதராயர். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து வரும் ஓலைகளையெல்லாம் ராஜாவுக்குப் படித்துக்காட்டுகிற தலைமை எழுத்தர் அவர். தோட்டத்தில் ரெண்டு மாங்காய் உதிர்ந்தது என்று ஓலை வந்தால், “மாந்தோப்பில் மகா பிரளயம்” என்று படிப்பார். ராஜா நிமிர்ந்து உட்காருவார். அதிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும் பிரளயம், பட்டத்து யானை தும்மினாலும் பிரளயம். கேட்டுக் கேட்டு ராஜாவுக்கு நிமிர்வதும் நின்றுபோனது. தலையை ஆட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பெரிய ஏரிக்குக் காவல் மூக்கன். அவனுக்கு எழுத்து வராது. அவன் பெண்டாட்டி சீரங்காயி சின்ன வயதில் மூன்று வருஷம் எழுத்துப் படித்தவள், அதனால் தினமும் அரண்மனைக்கு ஓலை எழுதுவது அவள் வேலை. இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவாள். ஓலையில் மட்டும் கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதுவாள்.

முதல் நாள், “ஏரியில் தண்ணீர் ஏறுகிறது” என்று எழுதினாள். மறுநாள், “நேற்றைவிட வேகமாக ஏறுகிறது.” மூன்றாம் நாள், “கரை நிரம்ப ஒரு முழம்தான் பாக்கி. ஓரிடத்தில் கசிகிறது. கலிங்கைத் திறக்க உத்தரவு வேண்டும்.”

கலிங்கு என்பது ஏரியின் மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிற வழி. அதைத் திறந்தால் கீழே ராஜா ஆசையாகக் கட்டிய வசந்த மண்டபம் மூழ்கும். அதனால் அவர் முத்திரை மோதிரம் வராமல் ஒருத்தரும் அதை அடைத்திருக்கும் பலகையைத் தொடக்கூடாது. திறக்காமல் கரை உடைந்தாலோ ஏழு ஊர் போய்விடும்.

மூன்று ஓலைக்கும் பதில் இல்லை. நாலாம் நாள் விடிந்ததும் மூக்கனும் ஊர்க்காரர்களும் கரையில் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்க, சீரங்காயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் ராஜா தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, அது ஊறுகிற வரைக்கும் சபை நடத்துவார். அதுதான் வழக்கம். எண்ணெய் காதோரம் வழிய வழிய அவர் உட்கார்ந்திருக்க, சீரங்காயி தலையைக் குனிந்தபடியே வந்த காரியத்தைச் சொல்லி முடித்தாள்.

விருதராயர் சிரித்தார். ஏரியில் பிரளயம் என்று மூன்று நாளும் தாமே படித்ததாகச் சொன்னார். ராஜாவும் ஆமாம் என்றார்.

“யானை தும்மினதுக்கும் அதைத்தான் படிச்சீங்களாமே” என்றாள் சீரங்காயி, தரையைப் பார்த்தபடி. “அப்புறம் எது நிஜம்னு மகாராசாவுக்கு எப்படிங்க தெரியும்?”

ராயர் முகம் சுருங்கியது. “ஏறுகிறது, கசிகிறது என்று நீர்மோர் மாதிரி எழுதுகிறாயே, அதைப் படித்தால் மகாராஜா குறட்டை விடுவார் தாயே” என்றார். சபை சிரித்தது.

ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்கிற ஆசை வந்துவிட்டது. தான் குளித்து முடிப்பதற்குள் அவளுடைய சப்பென்ற பேச்சுதான் உசத்தி என்று காட்டினால் மோதிரம் தருவதாகச் சொன்னார். காட்டாவிட்டால் மூக்கனுக்குக் காவல் வேலை போகும்.

சீரங்காயி நிமிர்ந்து பார்த்தாள். ராஜாவின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று அவளுக்கு வழி தெரிந்தது.

“சாமி, சீயக்காய் தேய்ச்சதும் கண்ணை மூடிக்குவீங்க. தண்ணி எப்படியிருக்குன்னு இன்னைக்கு ராயரும் நானும் மறைப்புத் தட்டிக்கு வெளியே நின்னு சொல்றோம். கேட்டுட்டு ஊத்தச் சொல்லுங்க.”

அப்படியே ஆயிற்று. தட்டிக்கு அந்தப்புறம் ராஜா கண்ணை இறுக மூடி உட்கார்ந்தார். முதல் குடத்தில் ராயர் விரலை விட்டார். “அக்கினிப் பிரளயம் மகாராஜா.” சீரங்காயி, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது செய்கிற மாதிரி முழங்கையை நனைத்தாள். “வெதுவெதுன்னு இருக்குங்க.” ராஜா ஊற்றச் சொன்னார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் குடத்துக்கும் அக்கினிப் பிரளயம்தான். “கொஞ்சம் சூடு, தாங்கலாங்க” என்றாள் அவள். தாங்கத்தான் முடிந்தது.

மூன்றாம் குடத்தை அடுப்பில் தளதளக்கிற அண்டாவிலிருந்தே மொள்ளச் சொல்லி வெந்நீர்க்காரனுக்கு ஜாடை காட்டினாள். அவன் பயந்தான். நான் நிறுத்துவேன் என்று கையைக் காட்டினாள். ராயர் விரலை விட்டதுதான் தாமதம், துள்ளிக் குதித்து, “ஐயோ, அக்கினிப் பிரளயம்!” என்று அலறினார்.

“அதுதான் தெரியுமே, ஊற்று” என்றார் ராஜா.

குடம் உயர்ந்தது.

“கொதிக்குது சாமி. வேண்டாம்” என்றாள் சீரங்காயி. குரலை உயர்த்தக்கூட இல்லை.

ராஜா கண்ணைத் திறக்காமலே ஓர் எட்டு தள்ளிப் பாய்ந்தார். தண்ணீரைத் தரையில் கொட்டச் சொன்னார். தெறித்த ஒரு துளி கட்டைவிரலில் பட்டது. அவ்வளவுதான், அரை நாழிகை ஒற்றைக் காலில் நின்றார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “ராயர் அத்தனை அலறியும் எனக்கு உறைக்கவில்லை. நீ சொன்னதும் ஏனம்மா குதித்தேன்?”

“வெதுவெதுப்பை வெதுவெதுப்புன்னு சொன்னேங்க. அதனால கொதிக்குதுன்னதும் நம்புனீங்க. என் மூணு ஓலையும் அந்த மூணு குடந்தாங்க. இப்போ ஏரி மூணாவது குடத்துல நிக்குது.”

ராஜா தலை துவட்டவில்லை. சீயக்காயும் கையுமாக மோதிரத்தைக் கழற்றித் தட்டிக்கு மேலே நீட்டினார். குதிரை பறந்தது. மத்தியானத்துக்குள் கலிங்கு திறந்தது. வசந்த மண்டபம் கலசம் வரைக்கும் முழுகியது. ஏழு ஊரில் ஒரு கோழிக்குஞ்சுகூட நனையவில்லை.

அன்றிலிருந்து ஏரி ஓலை நேரே ராஜா கைக்கே போயிற்று. விருதராயருக்குப் புது உத்தியோகம்: சனிக்கிழமை தோறும் முழங்கையை நனைத்து, தண்ணீர் எப்படியிருக்கிறதோ அப்படியே சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் முதல் செம்பு அவர் காலில்.

மறுநாள் சீரங்காயியின் ஓலை வந்தது. ராஜா சபை நடுவே எழுந்து நின்று தாமே படித்தார்.

“தண்ணீர் இறங்குகிறது.”

இருந்தது அவ்வளவுதான். அதைக் கேட்டுச் சபை போட்ட ஆரவாரம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டதாம். தொட்டிலில் தூங்கிய குழந்தை கண்ணை முழித்துச் சிரித்ததாம்.